உப்பூறிய சுவரும் விழுகின்ற சுவிச்சும்

வீட்டிலே ட்ரிப் சுவிச் ஓயாமல் விழுந்துகொண்டிருந்தால், எல்லோரும் முதலில் குற்றஞ்சாட்டுவது அந்தச் சுவிச்சைத்தான். "அது வீக் ஆகிட்டுது, மாத்தோணும்" என்பது முதலாவது தீர்ப்பு. மாற்றிய பின்னரும் விழுமானால், "அதக் கழட்டிப்போட்டு டிரெக்டாக் குடுங்க" என்பது இரண்டாவது தீர்ப்பு. மட்டக்களப்பு வாவிக் கரையோரத்தில், அதுவும் மாரி காலத்தில், இந்த இரண்டு தீர்ப்புகளும் வழங்கப்படாத ஊர் ஒன்றைக் காண்பது அரிது.

இரண்டாவது தீர்ப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நான் பத்திரிகைத் தொழிலின் மூலம் அறிந்தவன். பிரதேசச் செய்திகள் பக்கத்தில் "மின்சாரம் தாக்கி மரணம்" என்று நான்கு வரியில் ஒரு செய்தி வரும். பெயர், வயது, ஊர், சடலம் வைக்கப்பட்டுள்ள வைத்தியசாலை, விசாரணை நடத்தும் பொலிஸ் நிலையம் ஆகிய ஐந்து விபரங்களோடு அது முடிந்துவிடும். நீரிறைக்கும் மோட்டரைத் தொட்டவர், ஈரத் துணியைக் கம்பிக் கொடியில் போட்டவர், யானைக்கென்று வயலைச் சுற்றிக் கட்டிய கள்ளக் கம்பியில் விழுந்தவர் என்று இப்படிப்பட்ட செய்திகள் பலவற்றை எழுதியும் செப்பனிட்டும் இருக்கிறேன். அந்த வீட்டில் ட்ரிப் சுவிச் இருந்ததா, இருந்தால் அது ஏன் விழவில்லை என்ற கேள்விக்கு அந்த நான்கு வரிகளில் இடமிருப்பதில்லை.

ஆகவே, கல்லடியில் வசிக்கும் என் அக்கா கடந்த மாரியில் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, ஒரு பொடியன் வந்து பார்த்தான். அந்தச் சுவிச்சக் கழட்டினாச் சரியெண்டு சொல்றான். நாளைக்கு வரச் சொல்லட்டா?" என்று கேட்டபோது, "நான் வாற வரைக்கும் ஒருவரையும் தொட விடாதீங்க" என்றேன்.

அக்காவின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அவருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. நீரிழிவு நோயாளி. இன்சுலின் குளிர்சாதனப்பெட்டியில் இருக்கின்றது. விடியப்புறம் நான்கு மணிக்குச் சுவிச் விழுந்தால், இருட்டில் கதிரையை இழுத்துப் போட்டு, அதில் ஏறி நின்று, சுவரின் உச்சியிலுள்ள பலகையைத் தடவிப் பிடித்து மேலே தள்ளவேண்டும். பகல் வேளையில் பாடசாலை விட்டு வந்து அவரோடு தங்கும் பேத்திக்கு ஆறு வயது. இவ்விருவருக்கும் அந்தச் சுவிச் பாதுகாவலனாகத் தோன்றவில்லை, தொல்லையாகவே தோன்றிற்று. கதிரையிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வதும் ஆபத்துத்தானே. "முந்தி நம்மட வீட்டில இதெல்லாம் இருந்ததா? நாம என்ன செத்தா போனோம்?" என்றும் அக்கா கேட்டார்.

உண்மைதான். முன்பு இருக்கவில்லை. எங்கள் சிறுபராயத்தில் பீங்கான் கட்டைக்குள் மெல்லிய கம்பி முறுக்கிய பியூஸ்தான் இருந்தது. அது எரிந்தால் அப்பா கம்பி மாற்றுவார். அடிக்கடி எரிந்தால் இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்துத் தடிப்பாக முறுக்கிவிடுவோரும் ஊரில் இருந்தார்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி கம்பங்களை அடியோடு சாய்த்த பிறகு குப்பி விளக்கே கதியென்று வாழ்ந்தோம். யுத்த காலத்தில் வாவிக்கு அப்பால் படுவான்கரையின் பல கிராமங்களுக்கு மின்சாரம் என்பது அக்கரையில் தெரியும் வெளிச்சமாக மாத்திரமே இருந்தது. அன்று ஒரு வீட்டில் நான்கு குமிழ்களும் ஒரு வானொலியும் இருந்தால் அதிகம். இன்று குளிர்சாதனப்பெட்டி, சலவை இயந்திரம், மோட்டர், கேத்தல், சோறு சமைக்கும் குக்கர் என்று கையால் தொடும் உலோகப் பொருட்கள் ஒவ்வொன்றின் உள்ளும் 230 வோல்ற் ஓடிக்கொண்டிருக்கின்றது.

ட்ரிப் சுவிச் என்று நாம் அழைக்கும் ஆர்.சி.சி.பி. செய்யும் வேலை மிக எளிமையானது. வீட்டுக்குள் வரும் மின்னோட்டத்தையும், நியூட்றல் வழியே திரும்பிப் போகும் மின்னோட்டத்தையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கின்றது. இரண்டு கம்பிகளும் ஒரே இரும்பு வளையத்தினூடாகச் செல்கின்றன. போனதும் வந்ததும் சமமாயின், ஒன்றின் காந்த விளைவை மற்றது அழித்துவிடும். குறைந்தால், அந்தக் குறைவு சுவர் வழியாகவோ, மனித உடல் வழியாகவோ வேறெங்கோ மண்ணுக்குள் இறங்குகின்றது என்பது பொருள். அப்போது வளையத்தில் சுற்றிய சிறு சுருளில் மின் பிறந்து, நெம்புகோலைத் தட்டிவிடும். வீட்டுப் பாவனைக்குரியது 30 மில்லி அம்பியர் கசிவுக்கு 0.3 விநாடிக்குள் விழவேண்டும். அதில் பாதியான 15 வரை விழக்கூடாது என்பது நியமம்.

இந்த இலக்கங்கள் சும்மா வந்தவையல்ல. 1950களின் நடுப்பகுதியில் தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் தொழிலாளர் மின்தாக்கி இறப்பதைத் தடுப்பதற்காக ஹென்றி ரூபின் என்ற பொறியியலாளர் இத்தகைய கருவியை உருவாக்கினார். 1961இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ல்ஸ் டால்சீல் அமெரிக்காவில் அதன் நுண்ணிய வடிவத்தை ஆக்கினார். பிடித்த கம்பியை விடமுடியாமல் கைத்தசைகள் இறுகிப்போவது எத்தனை மில்லி அம்பியரில் என்று மனிதர்களிடமே சோதித்தவர் அவர். ஆண்களுக்குச் சராசரியாக 16, பெண்களுக்கு 10.5 என்று கண்டார். குழந்தைகளுக்கு இன்னும் குறைவு. ஒரு கேத்தல் இழுப்பது ஏறத்தாழ 9 அம்பியர். அதில் முந்நூறில் ஒரு பங்கு வழிதவறினாலும் விழுந்துவிடவேண்டிய ஒரு கருவியை, "சும்மா சும்மா விழுது" என்று நாம் வைகின்றோம்.

நான் கலைப்பட்டதாரி. மின்பலகையைத் திறக்கும் தகுதி எனக்கில்லை. ஆகவே காத்தான்குடியிலிருந்து, நாற்பது வருடங்களாக வயரிங் வேலை செய்துவரும் ஒரு பாஸை அழைத்து வந்தேன். என்னை விட மூத்தவர்; காக்கா என்றே அழைப்பேன். அவர் வந்ததும் பெட்டியைத் திறக்கவில்லை. திண்ணையில் இருந்து, அக்கா கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டே, "எப்பெப்ப விழுது எண்டு எழுதி வெச்சிரிக்கீங்களா, தங்கச்சி?" என்று கேட்டார்.

எழுதி வைக்கப்படவில்லை. அடுத்த எட்டு நாட்களுக்கு ஒரு கொப்பியில் எழுதுவதென்று முடிவாயிற்று. எழுதும் பொறுப்பைப் பேத்தியிடம் கொடுத்தோம். திகதி, நேரம், மழையா வெயிலா, அந்த நேரம் என்னென்ன போட்டிருந்தது, விழுந்தது பெரிய சுவிச்சா சின்னச் சுவிச்சா என்று ஐந்து நிரல்கள். இந்தக் கடைசி நிரல் முக்கியமானது. பாரம் கூடினாலோ, இரண்டு கம்பிகள் முட்டினாலோ விழுவது அந்தந்தப் பகுதிக்குரிய சின்னச் சுவிச், அதாவது எம்.சி.பி. கசிவு இருந்தால் மாத்திரமே பெரிய ட்ரிப் சுவிச் தனியே விழும். ஆனால் நம் வீடுகளில் இரண்டையும் "கரண்ட் கட்டாப் போச்சு" என்ற ஒரே வசனத்தால் சொல்லி முடித்துவிடுகின்றோம்.

எட்டு நாட்களில் பதினொரு தடவை விழுந்திருந்தது. எல்லாமே பெரிய சுவிச். அதில் எட்டு, விடியப்புறம் நான்குக்கும் ஆறரைக்கும் இடையில். வெயில் எறித்த இரண்டு நாட்களில் ஒரு தடவையும் இல்லை. ஐந்து முறை அக்கா தேநீருக்குக் கேத்தலைப் போட்ட கையோடு. இரண்டு தடவை எதுவுமே போடாமல், எல்லோரும் உறங்கிக்கொண்டிருக்கையில்.

கேத்தல்தான் குற்றவாளி என்று அக்கா முன்னரே தீர்மானித்துப் புதிய கேத்தல் வாங்கியிருந்தார். புதியதற்கும் விழுந்தது. பிறகு குசினி பிளக் பொயின்ற்றை மாற்றினார்கள். அதற்கும் விழுந்தது. அந்தப் பொடியன் ஒவ்வொரு சின்னச் சுவிச்சாக அணைத்தும் பார்த்திருக்கிறான். எதை அணைத்தாலும் விழுகின்றது என்று கண்டபின், ட்ரிப் சுவிச்சே பழுது என்ற முடிவுக்கு வந்திருக்கிறான். புதிதாக ஒன்று பூட்டியும் ஆயிற்று. அவனது வழிமுறையில் தவறு காண முடியாது. ஆயினும் அது ஓரிடத்தில் நின்றுவிட்டது. அந்த இடத்தைக் காக்கா எனக்குப் பொறுமையாக விளக்கினார்.

எம்.சி.பி. என்னும் சின்னச் சுவிச் லைவ் கம்பியை மாத்திரமே துண்டிக்கின்றது. நியூட்றல் கம்பிகள் எல்லாம் ஒரு பித்தளைக் கட்டையில் எப்போதும் இணைந்தபடியே இருக்கின்றன. எனவே, ஏதோ ஒரு பொயின்ற்றில் நியூட்றல் கம்பி எர்த் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பகுதியின் சின்னச் சுவிச்சை அணைத்தாலும் கோளாறு நீங்காது. குசினியில் கேத்தல் போடப்படுகின்றது. 9 அம்பியர் நியூட்றல் வழியே திரும்புகின்றது. அதில் ஒரு சிறு பங்கு பின்விறாந்தையிலுள்ள அந்தக் கோளாறு வழியே மண்ணுக்குள் நழுவுகின்றது. ட்ரிப் சுவிச் விழுகின்றது. குற்றம் ஓரிடம், பழி வேறிடம். வீட்டில் ஒன்றும் போடாத நேரத்தில் விழுந்ததற்கும் காரணம் இதுவே. அயல் வீடுகளின் பாரத்தால் தெருக் கம்பியின் நியூட்றலில் ஏறுகின்ற ஓரிரு வோல்ற் போதும், நம் வீட்டுக் கோளாறு வழியே கசிவதற்கு.

காக்கா மெயினை அணைத்தார். வீட்டிலுள்ள பிளக்குகள் அனைத்தையும் கழற்றச் சொன்னார். சுவிச்சை அணைத்து வைத்தால் போதாது, கழற்றவே வேண்டும் என்றார். பிறகு பலகையைத் திறந்து, நியூட்றல் கம்பிகளைக் கட்டையிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்து, மெகர் என்ற கருவியால் 500 வோல்ற் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் இடையிலான காப்பைப் பரிசோதித்தார். ஒரு மெகாஓமுக்குக் குறையக் கூடாது. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது எல்லாம் நன்றாக இருந்தன. நான்காவதில் முள் அடியோடு விழுந்தது. அது பின்விறாந்தையின் வெளிச்சுவரிலிருந்த பழைய வட்டப்பின் பொயின்ற். நீண்ட காலமாக ஒருவரும் பாவிக்காதது. பாவிக்காததால் ஒருவரும் சந்தேகிக்காதது.

மூடியைக் கழற்றியபோது உள்ளே பச்சை நிறத்தில் களிம்பு பூத்திருந்தது. நியூட்றல் கம்பியின் மேலுறை பொரிந்து, செம்பு இழைகள் எர்த் கம்பியோடு ஒட்டிப் பாசி பிடித்தாற்போல் கிடந்தன. லைவ் கம்பியின் உறையிலும் வெடிப்பு விழத் தொடங்கியிருந்தது. பெட்டியைச் சுற்றிய சாந்து கையால் தட்டவே உதிர்ந்தது. செங்கல்லின் மேல் வெள்ளை உப்பு.

அந்தச் சுவரை எனக்கு நன்றாகத் தெரியும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது யன்னல் மட்டம் வரையில் நீர் நின்ற சுவர் அது. வீட்டைத் திருத்திய காலத்தில் முன்பக்கத்து வயர்கள் எல்லாம் மாற்றப்பட்டன. பின்சுவரை மேலே பூசி நிறமடித்தார்கள். உள்ளே புதைந்திருந்த குழாயும் வயரும் அப்படியே தங்கிவிட்டன. கடலுப்பு செங்கல்லுக்குள் புகுந்தால் இலேசில் வெளியேறுவதில்லை. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டும்போது உப்பு தானே நீரை உறிஞ்சிக் கசியும். மேசையில் வைத்த உப்புப் போத்தல் மாரியில் நசநசப்பதை எல்லோரும் கண்டிருப்போம். சுவரிலும் அதுவே நிகழ்கின்றது. வாடைக்காற்று வீசும் மாதங்களில், ஈரப்பதன் உச்சத்திலிருக்கும் விடியப்புறத்தில், அந்தச் சுவர் வியர்க்கின்றது. கச்சான் காற்று வீசும் காலத்தில் காய்ந்துவிடுகின்றது. பேத்தியின் கொப்பியில் எட்டுத் தடவை விடியப்புறம் என்று பதிந்திருந்ததன் காரணம் இதுதான்.

ட்ரிப் சுவிச்சைக் கழற்றியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று காக்காவிடம் கேட்டேன். "இந்த மாரிக்கு ஒண்டும் நடந்திரிக்காது, தம்பி. எல்லாரும் அவனப் புகழ்ந்திரிப்பாங்க" என்றார். லைவ் கம்பியின் உறை இன்னும் தாங்கிக்கொண்டிருந்தது. அடுத்த மாரியிலோ அதற்கடுத்ததிலோ அது உடையும்போது, லைவ் எர்த்தோடு முட்டும். நம் நாட்டில் வீடுகளுக்கான எர்த், அந்தந்த வளவில் அடித்த கம்பியை நம்பியே இருக்கின்றது. அந்த மண்ணின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230ஐ 50ஆல் வகுத்தால் 4.6 அம்பியர். அது எந்தச் சின்னச் சுவிச்சையும் விழுத்தப் போதாது. மின்சாரம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். எர்த் கம்பி வீட்டிலுள்ள உலோகங்கள் எல்லாவற்றையும் இணைப்பதால், மோட்டரின் உடலிலும் குளிர்சாதனப்பெட்டியின் கதவிலும் அந்த அழுத்தம் ஏறி நிற்கும். பாதுகாப்புக்கென்று போட்ட எர்த்தே ஆபத்தை அறையறையாக எடுத்துச் செல்லும் நிலை. வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்று தண்ணீர்ப் போத்தல் எடுக்கக் கதவைத் திறப்பது யார் என்பதை அக்காவுக்கு நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவர் பேத்தியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "மறுகா அந்தப் பொடியன வரவேணாமெண்டு சொல்லிவிடு தம்பி" என்றார்.

அந்தச் சுவரின் குழாயைக் காக்கா அப்படியே கைவிட்டார். இரு முனைகளிலும் வயரை வெட்டி அகற்றி, உட்சுவரில் உயரமாகக் கேசிங் அடித்துப் புதிய வயர் இழுத்தார். மோட்டருக்கு மழை புகாத மூடியுள்ள பெட்டி. வட்டப்பின் பொயின்ற்றுகளுக்குப் பதிலாக 13 அம்பியர் சதுரப்பின். நாட்டின் நியமமாக ஆக்கப்பட்டது அதுவே. குளிர்சாதனப்பெட்டிக்கு மாத்திரம், கசிவையும் பாரத்தையும் தானே கவனிக்கும் தனிச் சுவிச் ஒன்றைப் பூட்டி, பொது ட்ரிப் சுவிச்சுக்கு வெளியே வைத்தார். இனி வீட்டின் வேறு பகுதியில் கசிந்தாலும் இன்சுலின் சூடேறாது. பலகையையும் கதிரை இல்லாமல் எட்டக்கூடிய உயரத்துக்கு இறக்கினார். அக்காவின் முறைப்பாட்டுக்குக் கிடைத்த நேரான பதில் அதுதான் என்பேன்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் முட்டியதால் இலங்கை முழுவதும் இருளில் மூழ்கியதாக அன்று அமைச்சர் தெரிவித்தார். நாடெங்கும் குரங்கைப் பற்றிய பகிடிகள் உலாவின. நுரைச்சோலையின் மூன்று மின்பிறப்பாக்கிகளும் தம்மைத் தாமே துண்டித்துக்கொண்டன. அவை அவ்வாறு துண்டித்துக்கொண்டது, தாம் எரிந்துபோகாமல் இருப்பதற்காக. எங்கோ ஓரிடத்தில் நேர்ந்த முட்டலுக்கு நாடே விழுந்ததேன், பகுதி பகுதியாகத் தடுத்திருக்க முடியாதா என்பதே அன்று கேட்கப்பட்டிருக்கவேண்டிய கேள்வி. அக்கா வீட்டில் குளிர்சாதனப்பெட்டிக்குத் தனிச் சுவிச் போட்டபோது காக்கா விடையளித்ததும் இதே கேள்விக்குத்தான்.

ஊரில் பெற்றாரையோ சகோதரரையோ விட்டுவிட்டு ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் வாழும் வாசகர்களுக்கு நான் சொல்ல விரும்புவது சில. நீங்கள் அனுப்பும் ஐரோப்பியப் பொருட்களின் இரண்டு பின் பிளக்குகளை, சதுரப்பின் பொயின்ற்றின் மேல் துவாரத்தில் பேனா மூடியைச் செருகித் திறந்து, உள்ளே திணித்துப் பாவிக்கின்றார்கள். எர்த் இணைப்பு அங்கேயே இல்லாமற் போகின்றது. கனடாவிலிருந்து வரும் 120 வோல்ற் பொருட்கள் இங்கே முதல் நாளே புகைந்துவிடும். பொருள் அனுப்புவதற்கு முன்னர், அந்த வீட்டின் வயர் எந்த ஆண்டுக்குரியது, கடல் வந்த சுவரில் அது ஓடுகின்றதா என்று கேளுங்கள். ட்ரிப் சுவிச்சில் "ரி" என்ற ஆங்கில எழுத்துப் பொறித்த சிறு பொத்தான் ஒன்று இருக்கும். மாதமொருமுறை அதை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்; அழுத்தியதும் விழவேண்டும். விழாவிட்டால் அன்றே தகுதியுள்ள ஒருவரை அழைக்கவேண்டும். விழுந்துகொண்டே இருந்தால், கழற்ற முன்வருபவரை விடுத்து, மெகர் வைத்திருப்பவரைத் தேடவேண்டும்.

அக்கா வீட்டில் இப்போது பொத்தான் அழுத்தும் வேலை பேத்தியுடையது. ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி, அதே கொப்பியில், "விழுந்தது. சரி." என்று எழுதி வைக்கிறாள்.